மின்சாரக் கார் வந்தால் எங்கள் தாமான் தாங்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விற்ற பிறகு எழுந்த ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), மாடியில்லாத தொடர்வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. மகன் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறான். மின்சாரக் கார் வாங்க முன்பணம் கட்டப் போகிறான். வீட்டில் 7 கிலோவாட் சார்ஜர் பொருத்தித் தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். எங்கள் தெருவில் இப்போதே இரவு எட்டு, ஒன்பது மணிக்கு விளக்கு மங்குகிறது. மின்விசிறி சோர்ந்து சுற்றுகிறது. எல்லாரும் மின்சாரக் கார் வாங்கினால் நாடே இருண்டுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கும் என் மகள், காரோடு வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்பும் வைத்திருக்கிறாள். அங்கேயும் இதே பேச்சுதானாம். இந்தப் பயம் சரியா? எங்கள் வீடு தாங்குமா? எங்களுக்கும் வெப்ப பம்பு தேவைப்படுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டு, ஒன்பது மணிக்கு விளக்கு மங்குகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் வளர்ந்ததும் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தான். எங்களுக்கு மின்சாரம் என்றால் அது எஞ்சின் கொட்டகையிலிருந்து வருவது. மாலை ஆறரைக்கு டீசல் எஞ்சின் உறுமத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு அடங்கும். ஒரு தீபாவளிக்கு எங்கள் வரிசையில் ஒருவர் ஈப்போவிலிருந்து மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தார். அவர் அதைச் செருகிய அந்த நொடியே, வரிசைக் கடைசியில் இருந்த எங்கள் வீட்டு விளக்கு சிவந்து சுருங்கிப்போனது. கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தள்ளிப் போகப் போக மங்கல் கூடியது. என் அம்மா வாசலுக்கு வந்து, "யார் வீட்டில் இஸ்திரி?" என்று குரல் கொடுப்பார். நாலைந்து நாள் சச்சரவுக்குப் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் படிக்கிற ஏழிலிருந்து ஒன்பது வரை யாரும் துணி தேய்ப்பதில்லை, அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தேய்ப்பது என்று முடிவானது. அதோடு விளக்கு மங்குவது நின்றது.

எஞ்சின் அந்த இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியது. கொட்டகையிலிருந்து எங்கள் வீடு வரை வந்த மெல்லிய கம்பிதான் தாங்கவில்லை. பின்னாளில் நான் மின்பொறியாளராகிப் படித்த பல பாடங்களுக்கு அந்த லயத்து விளக்கே முன்னோட்டமாக இருந்தது.

உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் எஞ்சினை, அதாவது நாட்டின் மின்னுற்பத்தியை நினைத்துப் பயப்படுகிறார். அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். தீபகற்ப மலேசியாவின் உச்ச மின்தேவை 2024-இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அது பெரும்பாலும் வெயில் கொளுத்தும் நாள்களின் பிற்பகலில் வருகிறது, காரணம் குளிர்சாதனம். எல் நினோ வாட்டிய 2016 ஏப்ரலில் 17,788 மெகாவாட் என்ற அன்றைய உச்சம் பதிவானதும் அப்படித்தான். இனி காருக்கு வருவோம். நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 யூனிட் எடுக்கும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 2,500 யூனிட் ஆகும். நம் சாலைகளில் பத்து இலட்சம் மின்சாரக் கார்கள் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் அந்த எண்ணிக்கைக்கு வெகுதூரத்தில் இருக்கிறோம்; இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அவை அத்தனைக்கும் ஆண்டுக்கு 250 கோடி யூனிட் போதும். தீபகற்பம் முழுவதும் செலவாகும் மின்சாரத்தில் அது ஏறக்குறைய 2 விழுக்காடு. நாட்டை இருட்டாக்கும் அளவு அதில் இல்லை. புதிதாக எழும் தரவு மையங்களுக்காக மட்டும் 5,000 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் வழங்க ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியுள்ளன. ஜொகூரில் எழும் அந்தக் கட்டடங்களைப் பற்றித் தேநீர்க் கடையில் யாரும் பேசுவதில்லை; வீட்டு வாசலில் நிற்கப் போகும் காரைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஆனால் அதே பத்து இலட்சம் கார்களும் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, ஒரே நேரத்தில் 7 கிலோவாட் சார்ஜரில் செருகினால்? 7,000 மெகாவாட். மஞ்சோங் கடற்கரையில் நிலக்கரி எரிக்கும் பெரிய மின்நிலையத்தின் மொத்தத் திறனே சுமார் 4,100 மெகாவாட். அப்படியொன்று முழுதாக, அதோடு இன்னொன்றில் பாதிக்கும் மேல் வேண்டியிருக்கும். அதே கார்கள், அதே தூரம், அதே யூனிட்டுகளை இரவில் எட்டு மணி நேரத்துக்குப் பரப்பி ஏற்றினால் 900 மெகாவாட்டுக்கும் குறைவாகவே ஆகும். எத்தனை யூனிட் என்ற கேள்வியைவிட எத்தனை மணிக்கு என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நடைமுறையில் எல்லாரும் ஒரே நிமிடத்தில் செருகுவதில்லை என்பதும் உண்மை. நோர்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். அங்கே பெரும்பாலானோர் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுகிறார்கள். அந்த நாடு இருண்டுபோகவில்லை.

எனவே எஞ்சினை விட்டுவிடலாம். நான் கவலைப்படுவது கம்பியைப் பற்றி.

உங்கள் தாமான் முனையில் வேலி போட்ட சிறிய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கும். இல்லையென்றால் கம்பத்தில் ஏற்றிய மின்மாற்றி இருக்கும். 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை அது இறக்கி உங்கள் தெருவுக்குள் அனுப்புகிறது. அந்த மின்மாற்றியையும் தெருக் கம்பியையும் திட்டமிடுபவர்கள், குறைந்த விலைத் தொடர்வீட்டுக்கு 1.5 கிலோவாட், மாடித் தொடர்வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற அளவில் உச்சத் தேவையைக் கணக்கிடுவது வழக்கம். கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். சுடுநீர்க் கருவி ஒன்றே 3.6 கிலோவாட் எடுக்கிறதே! ஆனால் அந்தக் கணக்கு தவறானது அல்ல. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறோம்; பந்தியில் இருநூறு இலைதான் போடுகிறோம். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காருவார். நீங்கள் குளித்து முடிக்கும்போது எதிர்வீட்டில் கெட்டில் கொதிக்கத் தொடங்கும். இந்த நம்பிக்கையில்தான் உலகம் முழுவதும் தெருக் கம்பி இழுக்கிறார்கள்.

காரோ பந்தியில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழாது. அதுதான் புதிது. 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று, உங்கள் தெருவின் நாலைந்து வீடுகளுக்குத் திட்டமிட்ட அளவை ஒரே ஆளாக எடுத்துக்கொண்டு நெடுநேரம் இருக்கும். பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை இருநூறுக்கும் மேற்பட்ட மின்சாரக் கார்களைத் தெருத்தெருவாகக் கொடுத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்களில் 40 முதல் 70 விழுக்காட்டினர் கார் வாங்கும் நிலை வந்தால், நாட்டின் தெரு இணைப்புகளில் 32 விழுக்காட்டில் ஏதேனும் மராமத்து தேவைப்படும் என்று முடிவு வந்தது. அது 3.5 கிலோவாட் சார்ஜரை வைத்துப் போட்ட கணக்கு. இன்று விற்பது அதைப்போல் இரு மடங்கு.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மின்மாற்றி பகலெல்லாம் வேலை செய்து சூடாகி, இரவில் சுமை குறையும்போது ஆறவேண்டும். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் காகித உறை கருகிக்கொண்டே வரும். அந்தக் காகிதத்தின் ஆயுள்தான் மின்மாற்றியின் ஆயுள். குளிர்நாட்டில் இரவுக் காற்றே அதை ஆற்றிவிடும். சுங்கை சிப்புட்டில் நள்ளிரவிலும் 24, 25 டிகிரிதான். அதோடு, அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த நாட்டின் உச்சம் பிற்பகலில் வந்தாலும், குடியிருப்புத் தெருவின் உச்சம் அப்போது வருவதில்லை. எட்டு மணிக்குச் சமையல், குளியல், தொலைக்காட்சி. பத்து மணிக்கு வீட்டுக்கு வீடு படுக்கையறைக் குளிர்சாதனம். உங்கள் விளக்கு மங்கும் நேரம் இதைத்தான் சொல்கிறது.

2025 ஜூலை முதல் வீடுகளுக்கும் நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டம் வந்திருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் விரும்பினால் சேரலாம். வேலை நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்சநேரம். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் மலிவு நேரம். நல்ல தொடக்கம். ஆனால் மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு மின்னாற்றல் கட்டணம் உச்சநேரத்தில் யூனிட்டுக்கு 28.52 காசு, மலிவு நேரத்தில் 24.43 காசு. நான்கு காசு வித்தியாசம்! உங்கள் மகனுக்கு அதனால் மாதம் பத்து வெள்ளிகூட மிச்சமாகாது. உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கார் வைத்திருப்பவர்களுக்கென்றே இருக்கும் இரவுக் கட்டணங்களில் யூனிட் விலை பகல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அப்படி இருந்தால்தான் மனிதன் பழக்கத்தை மாற்றுவான். இந்த இடைவெளி அகல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவு நேரம் தொடங்குவது இரவு பத்து மணிக்கு. படுக்கையறைக் குளிர்சாதனங்கள் உயிர்பெறுவதும் அப்போதுதான். ஆகவே உங்கள் மகன் காரின் டைமரைப் பத்து மணிக்கு வைக்க வேண்டாம். ஒரு மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். கட்டணம் ஒன்றுதான், தெருக் கம்பிக்கு மட்டும் பெரிய நிம்மதி. குளிர்சாதனங்கள் அறையைக் குளிர்வித்து முடித்து, விட்டுவிட்டு ஓடத் தொடங்கியிருக்கும், சமையலறைகள் உறங்கியிருக்கும்.

இனி உங்கள் வீடு.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய் வர 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செலவாவது 9 யூனிட். வீணாவதைச் சேர்த்தால் 10. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். காரின் பேட்டரி 50 யூனிட் கொள்ளும் என்பதற்காகத் தினமும் 50 யூனிட் நிரப்பப் போவதில்லை. தினமும் 10 யூனிட்தான். 7 கிலோவாட்டில் அது ஒன்றரை மணி நேர வேலை. 3.7 கிலோவாட்டில் மூன்று மணி நேரம். கார் இரவெல்லாம் வாசலில் சும்மாதானே நிற்கிறது, ஒன்றரை மணியில் முடித்து யாருக்கு என்ன லாபம்?

உங்கள் வீட்டுக்கு வருவது ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பாக இருக்கும். 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். சுடுநீர்க் கருவி 16. கெட்டில் 9. ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் இரண்டு ஓடினால் 8. குளிர்பதனப் பெட்டி, விளக்கு, விசிறிக்கு 3. கூட்டினால் 68. உங்களுடையதைப் போன்ற வீடுகளில் பிரதான ஃபியூஸ் 60 ஆம்பியருக்கு மேல் இருப்பது அரிது. முப்பது ஆண்டு வீடுகளில் அதைவிடக் குறைவாகவும் பார்த்திருக்கிறேன். ஒரு மழை நாள் மாலையில் எல்லாம் ஒன்றாக ஓடினால் ஃபியூஸின் அளவைத் தாண்டிவிடும். அதே சார்ஜரை 16 ஆம்பியரில் நிறுத்தி, ஒரு மணிக்கு ஓடவிட்டால் கூட்டுத்தொகை 27.

ஆகவே என் ஆலோசனை இதுதான். சார்ஜர் பொருத்துங்கள். பிரதானப் பெட்டியிலிருந்து அதற்கென்று தனிக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பி 32 ஆம்பியரைத் தாங்கும் கனத்தில் இருக்கட்டும், பின்னாளில் உதவும். ஆனால் சார்ஜரின் அளவை 16 ஆம்பியரில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான சார்ஜர்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. மூன்று கட்ட இணைப்புக்கு மாறினால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால், தினமும் 10 யூனிட் என்ற கணக்கைக் காட்டுங்கள். அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை.

சார்ஜரே வேண்டாம், காரோடு வரும் கம்பியைச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகிக்கொள்ளலாம் என்று மகன் நினைத்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். கெட்டில் ஐந்து நிமிடம் ஓடும் பிளக்கும், கார் ஐந்து மணி நேரம் ஓடும் பிளக்கும் ஒன்றல்ல. உருகிக் கருத்த பிளக்குகளைக் கையில் எடுத்துப் பார்த்தவன் நான். எல்லாரும் உறங்கும் நேரத்தில் ஓடப் போகும் கருவி இது. உங்கள் உறக்கத்தைப் பணயம் வைத்துச் சில நூறு வெள்ளி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எர்த் கம்பியையும் சோதிக்க வேண்டும். நம் வீடுகளில் எர்த் என்பது வீட்டோரம் மண்ணில் அடித்த செம்புக் கம்பிதான். முப்பது ஆண்டுகளில் அந்த இணைப்பு அரித்துப்போயிருக்கலாம். வீட்டைப் பெரிதாக்கியபோது அதன் மேல் சிமெண்டு போட்டு மூடியிருக்கலாம். மழையில் நனைந்த காரைத் தொடும் கைக்கு அந்தக் கம்பிதான் காவல். காருக்கென்று தனியாக, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும்; எந்த வகை என்பது சார்ஜரைப் பொறுத்தது, வயர்மேனிடம் சார்ஜரின் குறிப்பேட்டைக் காட்டிக் கேளுங்கள். இடி அடிக்கடி விழும் ஊர் நம்முடையது. மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவியும் சேர்ந்தால் நல்லது. வேலை செய்பவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, அட்டையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தொட விடுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் மகன் மனத்தில் அதுதான் இருக்கும். மாதம் 22 நாள் ஓட்டினால் 220 யூனிட். எல்லாக் கட்டணமும் சேர்ந்து யூனிட்டுக்கு 44 காசு அளவில் வரும். பயன்பாடு ஏற ஏற, குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கிடைக்கும் சிக்கன ஊக்கக் கழிவு குறைந்துகொண்டே போய், 1,000 யூனிட்டோடு அற்றுப்போகும். ஆகவே பில் 100 முதல் 120 வெள்ளி வரை ஏறும் என்று எதிர்பாருங்கள். மொத்தப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சேவை வரியும் மாதாந்தரச் சில்லறைக் கட்டணமும் வராது. லிட்டர் 1 வெள்ளி 99 காசு பெட்ரோலில் அதே தூரத்துக்கு 180 வெள்ளி அளவில் ஆகும். மிச்சம் உண்டு, ஆனால் மானிய பெட்ரோல் இருக்கும்வரை அது பெரிய மிச்சம் இல்லை. காரின் விலையை அந்த மிச்சம் ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டாம்.

கூரையில் சூரியத் தகடு போட்டால் எல்லாம் தீருமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் மகனின் கார் வேலை நாள்களில் பகலெல்லாம் ஈப்போவில் நிற்கிறது. தகடு உங்கள் கூரையில் நிற்கிறது. சனி, ஞாயிறுகளில்தான் இரண்டும் சந்திக்கும். அந்த இரண்டு நாள் பகலில் ஏற்றிக்கொண்டால் வாரத் தேவையில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். தகடு இல்லாவிட்டாலும் வார இறுதிப் பகல் மலிவு நேரம்தான்.

வெப்ப பம்புக்கு வருகிறேன். பெயர் புதிதாகத் தோன்றினாலும் அந்தக் கருவி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. வெளியே தொங்கும் பெட்டி அனல் கக்குவது அதனால்தான். லீட்ஸில் உங்கள் மகள் வீட்டில் இருப்பது அதையே திருப்பிப் போட்டது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தையும் இறைத்து உள்ளே கொண்டுவருகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். எரிவாயு கொதிகலனை எடுத்துவிட்டு இதை வைப்பது நல்ல முடிவு.

ஆனால் எரிவாயுக் குழாயில் போய்க்கொண்டிருந்த சுமை மின்கம்பிக்கு மாறுகிறது. குளிர் கடுமையாகும் நாளில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வெப்பம் வேண்டும். அதே நாளில்தான் பம்பின் திறனும் குறையும். பிரிட்டனில் ஏறக்குறைய எழுநூறு வீடுகளில் அளந்து பார்த்தபோது, கூட்டு உச்ச நேரத்தில் வீட்டுக்கு 1.7 கிலோவாட் என்று வந்தது. அங்கே உச்சம் குளிர்கால மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. இருந்தாலும் கைவிட்ட நிலை இல்லை. அந்த நாட்டின் மின்கட்டமைப்பு 2002-இல் 62,000 மெகாவாட் உச்சத்தைச் சுமந்தது; சிக்கனமான விளக்குகளும் கருவிகளும் வந்த பிறகு உச்சம் இறங்கியிருக்கிறது. உங்கள் மகளிடம் இரண்டு சொல்லுங்கள்: காரை நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றட்டும், சுடுநீர்த் தொட்டியைப் பின்னிரவிலோ நண்பகலிலோ சூடாக்கி வைக்கட்டும். சுவரும் கூரையும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வீடாக இருந்தால், மாலை ஐந்துக்கு முன்பே வீட்டைச் சற்று அதிகம் சூடாக்கிவிட்டு உச்சநேரத்தில் பம்பைத் தணித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு அது வேண்டாம். சுடுநீருக்கென்று வெப்ப பம்பு நம் நாட்டிலும் விற்கிறார்கள். நாள் முழுவதும் சுடுநீர் செலவாகும் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். நீங்கள் ஐந்து நிமிடம் வெந்நீரில் குளித்தால் 0.3 யூனிட். ஆளுக்கு மாதம் நான்கு வெள்ளி. அதை மிச்சம் பிடிக்கச் சில ஆயிரம் வெள்ளிக்கு ஒரு கருவி வாங்குவது வீண். அந்தப் பணம் கையில் இருந்தால், பழைய குளிர்சாதனத்தை ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் வகைக் குளிர்சாதனமாக மாற்றுங்கள். தெருவின் பத்து மணிச் சுமையைக் குறைப்பதில் அதற்கு ஈடு வேறில்லை.

கடைசியாக, அந்த மங்கும் விளக்கு. கார் வந்தாலும் வராவிட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட்; 253 வரை ஏறலாம், 216 வரை இறங்கலாம். ஒரு வயர்மேனை வைத்து மூன்று நாள், பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு எட்டரைக்கும் பத்தரைக்கும், பிரதானச் சுவிட்சில் அளந்து எழுதி வையுங்கள். அங்கே சரியாக இருந்து அறைக்குள் மட்டும் குறைந்தால் கோளாறு உங்கள் வீட்டுக் கம்பியில். பிரதானச் சுவிட்சிலேயே 216-க்குக் கீழே போனால் அது தெருக் கோளாறு. மின்வாரியமான தெனாகாவின் 15454 எண்ணில், தேதியும் மணியும் வோல்ட்டும் சொல்லிப் புகார் செய்யுங்கள். "மங்குகிறது" என்ற புகாரைவிட "எட்டரைக்கு 209" என்ற புகாருக்கு ஆள் சீக்கிரம் வருவார்கள். ஒருவேளை விளக்கு சில சமயம் மங்கி, சில சமயம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால், அளந்துகொண்டிருக்க வேண்டாம். நியூட்ரல் கம்பி தளர்ந்திருப்பதன் அறிகுறி அது. கருவிகளைப் பிடுங்கிவிட்டு உடனே அழையுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனிடமும் பேசுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளும் நாளை இதே காரை வாங்கக்கூடும். உங்கள் மகன் ஒரு மணிக்கு, அவர்கள் நான்கு மணிக்கு என்று டைமரை மாற்றி வைத்துக்கொண்டால் ஒரே கம்பியில் இரண்டு கார்களும் நிம்மதியாக நிறையும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த வோல்ட் எண்கள் கையில் இருக்கட்டும். எட்டரை மணி எண் மூன்று நாளும் 220-க்கு மேலே நின்றால் மகன் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். அதற்குக் கீழே போனாலும் காரைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. புகார் தீரும்வரை சார்ஜர் 10 ஆம்பியரில், பின்னிரவில் மட்டும் ஓடட்டும். பத்து யூனிட்டுக்கு நாலரை மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குத் தொடங்கினால் அவர் ஈப்போவுக்குக் கிளம்பும் முன் முடிந்திருக்கும்.